ஐந்து கட்டைச் சுருதி

பிரபஞ்சம் விரிகிறது என்பதை எனக்குப் புரியவைக்க ஆறு பேர் முயன்றிருக்கிறார்கள். முதலாமவர் பலூனை ஊதிக் காட்டினார். அது என் மூக்குக்கு நேராக வெடித்தது. அவர் பாடமும் அதோடு முடிந்தது. இரண்டாமவர் உலர்திராட்சை போட்ட ரொட்டி என்றார். சத்தியமங்கலத்தில் ரொட்டியைக் கடையில் வாங்கித்தான் பழக்கம், அது அடுப்புக்குள் உப்புவதை நான் எங்கே கண்டேன்? மற்ற நால்வரும் கரும்பலகையோடு நின்றுவிட்டார்கள். கடைசியில் நானே என் தையல் மேஜையில் ஒரு முழம் எலாஸ்டிக்கை எடுத்து, இரண்டு பித்தான்களை அருகருகே தைத்து, இழுத்துப் பார்த்தேன். பித்தான்கள் பெரிதாகவில்லை. தைத்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. ஆனாலும் நடுவில் இருந்த தூரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. என் மனைவி என்னை விட்டு எப்படிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

என் பெயர் நாகமாணிக்கம். லேடீஸ் டெய்லர். என் மனைவி சௌந்தரவல்லி, 'முசிறி' என்ற விண்கலத்தில் காற்று, தண்ணீர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். பதினெட்டு வருடங்களுக்கு முன், நெப்டியூனைத் தாண்டி ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. பிரபஞ்சம் எங்கும்தான் விரிகிறது. ஆனால் நம் ஆயுளில் ஒரு மயிரிழைகூடத் தெரியாத அளவுக்கு நிதானமாக. அந்த இடம் மட்டும் பால் பொங்குவதுபோல் பொங்கியது. பத்திரிகைக்காரர்கள் அதற்குப் பொங்குவெளி என்று பெயர் வைத்தார்கள். அதன் ஓரத்தில் நின்று அளந்துவிட்டு வரத்தான் முசிறி போனது. ஓரம் என்று நினைத்த இடமே பொங்கிக் கலத்தை உள்ளே வாங்கிக்கொண்டது.

முதல் வருடம் நான் கடைக்காரர்களிடமும் கடவுள்களிடமும் ஒரே மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இடமே பிய்ந்துபோகிறது என்றால் அவள் உடம்பும் பிய்ந்துபோகாதா என்பது என் பயம். அதற்கு அவளே பதில் அனுப்பினாள்.

"ஏனுங்க மாமா, அப்பளம் பொரிக்கறப்ப பாத்திருக்கீங்கல்ல? அப்பளந்தான் விரியும். அதுல இருக்கற சீரகம் பெருசாகுமா? சீரகத்துக்கும் சீரகத்துக்கும் நடுவால இருக்கற எடந்தான் கூடும். இறுக்கிப் பிடிச்சிருக்கறத அது ஒண்ணும் பண்ணாதுங்க. நான் சீரகமாட்டம் அப்படியே இருக்கறேன். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க."

கூடியது நடுவில் இருந்த இடம்தான். ஆரம்பத்தில் அவள் குரல் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆனது. பிறகு ஐந்து நாள். பிறகு மாதங்கள். நீளுகிற வெளி வழியாக வருவதால் வானொலி அலையும் நீண்டுபோகும். அதனால் அவள் பேச்சு மெதுவாகவும் தாழ்ந்த குரலிலும் வந்து சேரும். எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரிந்தால் திருத்திக் கேட்கலாம். கலம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்றும் கணக்குப் போடலாம். நான்காம் வருடம் கலத்தில் ஒரு தீ விபத்து. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அலையின் அளவைக் காப்பாற்றி வந்த கடிகாரம் கருகிவிட்டது. அளவுகோல் இல்லாமல் கணக்கு எப்படி?

அளவுகோலாக வந்தது என் மனைவியின் சுருதிப் பெட்டி. அவள் அப்பா சத்தியமங்கலத்தில் பஜனை கோஷ்டி நடத்தியவர். அவருடைய, காற்றில் அதிரும் பித்தளை நாக்குகள் வைத்த பழைய பெட்டியை, சொந்தச் சாமானாக இரண்டு கிலோதான் அனுமதி என்றபோது வேறு எதையும் எடுக்காமல் எடுத்துப் போனாள். பித்தளை நாக்கு கடிகாரம்போலத்தான், தன் இஷ்டத்துக்கு மாறாது. "ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு நிமிடம் ஐந்து கட்டையில் பெட்டியை இசையுங்கள்" என்று, கலத்தின் செய்திகளை வாங்கும் தாளவாடி கேட்பு நிலையம் கேட்டுக்கொண்டது. கட்டை என்பது சுருதியின் உயரம். எண் ஏறினால் சுருதி ஏறும். அவள் ஐந்து கட்டையில் பாடுகிறவள். அந்த ஐந்து கட்டை இங்கே எவ்வளவு இறங்கிக் கேட்கிறதோ, அவ்வளவு நீண்டிருக்கிறது வெளி. எட்டு வருடங்களாக விஞ்ஞானிகள் அவள் சுருதியை நம்பித்தான் பிழைத்தார்கள். எனக்கு அதில் பெருமை சொல்லி முடியாது. துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

அவள் போய்ப் பன்னிரண்டாம் வருடம், ஆவணியில் தாளவாடி கேட்பு நிலையத்திலிருந்து தலைவர் ஐசக் தேவசகாயம் கூப்பிட்டார். நாகர்கோவில்காரர், சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"நேர்ல வாங்க. போன்ல சொல்லக்கூடிய விஷயம் இல்ல."

திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகளிலும் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன். இருபத்தேழுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. நல்லவேளை, அது இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்து வீடு.

"கடைசி மூணு செய்தியில சுருதி திடீர்னு இறங்கிருக்கு. அந்தப் பக்கம் நல்லாப் பொங்கிருக்குண்ணு அர்த்தம்" என்றார் ஐசக். "மால்ல நகரும் படிக்கட்டு பாத்திருப்பீங்க. கீழ இறங்குத படியில ஒருத்தர் மேல ஏறி நடந்தா, படியோட வேகம் கம்மியா இருக்க வரைக்கும் மேல வந்திரலாம். படி வேகம் அவரு நடையத் தாண்டிட்டா? எம்புட்டு நடந்தாலும் கீழதான் போவாரு. நாம அனுப்புத அலையும் அப்படித்தான். வெளிச்சத்த விட வேகமா நடக்க அதுக்குத் தெரியாது. கணக்குப்படி அந்த எல்லைய அவங்க தாண்டி எட்டு மாசம் ஆச்சு."

"அப்படின்னா?"

"நாம இனி என்ன அனுப்பினாலும் அவங்களுக்குப் போய்ச் சேராது. அனுப்புறத நேத்தோட நிறுத்தியாச்சு. ஆன்டெனாவ வேற வேலைக்குக் கேக்காங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து வந்த செய்தி உங்களுக்குத்தான். அத நீங்க கேக்கணும். அதுல அவங்க ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. பதில் சொல்ல முடியாதேண்ணுதான் எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல."

சிக்னல் பிரிவில் இருக்கும் தெய்வானை என்ற அம்மாள் என் காதில் ஹெட்போனைப் பொருத்திவிட்டார். எங்கள் பக்கத்துக்காரர்தான், தலை நரைக்கத் தொடங்கியவர். எட்டு வருடமாக சௌந்தரத்தின் குரலை எனக்கு முன்னால் கேட்கிற ஒரே ஆள். அதற்காகவே அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

"ஏனுங்க மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றாள் சௌந்தரம். "கேப்டன் ஒண்ணு சொல்லச் சொன்னாருங்க. பொங்கறது இந்தப் பக்கம் ஒரு எடத்துல நின்னுபோகுது. அதுக்கு அந்தாண்ட சாதாரண வெளி. அங்க ஒரு நட்சத்திரம், அதச் சுத்தி ரெண்டு கோளு. உங்க பதில் வர்ற வரைக்கும் பொறுத்துத் திரும்புனாலும் எரிபொருளு பத்தும், போய்ச் சேந்துரலாம். இத்தன வருசமா நாங்க உங்கள நோக்கியேதான் எஞ்சின ஓட்டிட்டு இருக்கறோம். அதனாலதான் உங்க குரல் இன்னும் வருது. இப்படியே ரெண்டு வருசம் ஓட்டலாம். அப்புறம் ஒண்ணும் இருக்காது. கேப்டனும், எங்ககூட இருக்கற சபீனாவும் போலாங்கறாங்க. நாந்தான் மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்னு நிறுத்தி வெச்சிருக்கறேன். பதில் வர்ற வரைக்கும் திரும்பறதில்லைன்னு அவரும் ஒத்துக்கிட்டாரு. சொல்லுங்க மாமா. நீங்க சொல்லாம நான் போக மாட்டேன்."

பிறகு ஒரு பாட்டு பாடினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அவள் கேட்டதெல்லாம் மண்டையில் ஏறவே இல்லை. கல்யாணமான புதிதில் அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்ட அதே குரல், அப்படியே, ஒரு கீறல் இல்லாமல்! தெய்வானையும் சொன்னார்: "போன மூணு தடவயா அக்கா கொரல் எளசாயிட்டே வருதுங்க."

இரண்டாம் முறை கேட்டேன். சிரிப்பு நின்றது. அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று. கிளம்பும்போதே குரல் தடித்திருந்தது. இதுவோ இருபத்தைந்து. அதைவிட மோசம், வேகம். சௌந்தரம் ஒரு வார்த்தையை வைத்துவிட்டு, அது உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். இதில் பஸ் கிளம்பப் போகிறாற்போல் பேசினாள்.

"இது அவ பேசற மாதிரி இல்லீங்க" என்றேன்.

"திருத்தின குரல் அப்படித்தான் இருக்கும்" என்றார் ஐசக்.

"எத வெச்சுத் திருத்துனீங்க?"

"சுருதிய வெச்சுத்தான். வந்த சுருதிய அஞ்சு கட்டைக்கு ஏத்துவோம். கூடவே குரலும் ஏறும்."

"அவ அஞ்சு கட்டைலதான் வெச்சாள்னு யாரு சொன்னது?"

"அவங்களே சொன்னதுதான். மாத்தினா சொல்லமாட்டாங்களா?"

அவள் ஏன் சொல்லியிருக்கமாட்டாள் என்று இந்த உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வயதானால் பாடுகிறவர்கள் சுருதியை இறக்கிக்கொள்வார்கள். அது ஒன்றும் குற்றமில்லை. பாடுகிறவர்களுக்கு 'ஸ' என்பது குரல் எங்கே உட்காருமோ அங்கே. பாயைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதுபோல. ஆனால் நான் இருக்கிறேனே, வாய் சும்மா இருக்காது. சௌந்தரத்தின் பெரியம்மா ஒருத்தி மார்கழிப் பஜனையில் நாலு கட்டைக்கு இறங்கியபோது, "நாலுக்கு வந்தாச்சு, அடுத்து சங்குதான்" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தவன் நான். "என் பொண்டாட்டி சாகிற வரைக்கும் அஞ்சு கட்டை" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனும் நான்தான். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. என்னிடம் வந்துசேரும் ஒரே பொருள் அவள் குரல் என்று இருக்கும்போது, அது இறங்கிவிட்டது என்று எந்த வாயால் சொல்வாள்?

இதை ஐசக்கிடம் சொன்னேன். அவர் அன்பாகத்தான் கேட்டார்: "நாகமாணிக்கம், ஆசையில சொல்லுதீங்களா?"

ஆசைதான். ஆசை இல்லாமல் என்ன? ஆனால் ஆசையை ஆன்டெனாவில் ஏற்றமுடியாதே, ஆதாரம் வேண்டும். நான் அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் பேச்சு நின்ற இடங்களில் சுத்தமான அமைதி. அதுவே எனக்கு இடித்தது. முப்பது வருடம் மோட்டார் தையல் இயந்திரத்தோடு இருக்கிறவனுக்கு, ஓர் இயந்திர அறையில் இவ்வளவு அமைதி இருக்காது என்று தெரியும்.

"ஏனுங்கம்மா, அவ பின்னால விசிறி ஓடுமே, அந்தச் சத்தம் எங்கங்க?"

"அத எரைச்சல்னு வடிகட்டிருவோங்க. அப்பத்தான் பேச்சு தெளிவாக் கேக்கும்."

"வடிகட்டாம வெச்சிருக்கீங்களா?"

இருந்தது. தெய்வானை பழைய செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, வடிகட்டாமல், திருத்திய வேகத்தில் போட்டார். மூன்று காற்று விசிறிகளும் ஒரு தண்ணீர்ப் பம்பும். எட்டு வருடமாக ஒரே ரீங்காரம். வேகம் மாறினால் மூச்சு மாறிவிடும் என்று சௌந்தரம் அதைக் கண்ணாகப் பார்த்து வருகிறாள். அடுத்து, கடைசி மூன்று செய்திகள். விசிறியின் ரீங்காரம் குபுக்கென்று ஏறியது. மூன்று விசிறியும் ஏறின. பம்பும் ஏறியது. எல்லாம் ஒரே அளவு.

"பொம்பளைக்கு வயசு கொறஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். விசிறிக்குமா கொறையும்?" என்றேன்.

ஐசக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணக்கைத் திருப்பிப் போட்டார். நாலு கட்டை என்று வைத்ததும் விசிறிகள் பழைய இடத்துக்கு இறங்கி உட்கார்ந்தன. எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"அவங்க எல்லையத் தாண்டல. இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள அனுப்பினா, பதினாலு மாசத்துல போய்ச் சேரும்."

தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் போய்ச் சேராது என்றிருந்தவரை, பதில் சொல்லும் பாடு எனக்கு இல்லை. இப்போது இருக்கிறது.

'இரு' என்று சொல்லிவிடலாம். சொன்னால் எங்களை நோக்கி எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருப்பாள், சில வருடங்களுக்கு அவள் குரல் எனக்கு ஒழுங்காக வரும் என்று நினைத்தேன். பிறகு எரிபொருள் தீரும், காற்று தீரும். 'போ' என்று சொன்னால் அவள் பிழைப்பாள், எனக்கு இல்லாமல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அவள் வேண்டும். பன்னிரண்டு வருடமாக இரண்டு தட்டு கழுவுகிறவன் நான். மூன்று நாள் நிலையத்தின் விருந்தினர் அறையில் படுத்துக்கொண்டு, 'இரு' என்பதை எத்தனை நியாயமாகச் சொல்லலாம் என்று யோசித்தேன். அந்த நட்சத்திரத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வருடத்தில் இங்கே யாராவது ஏதாவது கண்டுபிடிக்கமாட்டார்களா? கேட்டால் எனக்கே நியாயமாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலையில் தெய்வானை வந்தார். "சரியான சுருதியில அக்கா பாட்டு ரெடியா இருக்குதுங்க. இன்னும் நீங்க கேக்கலியே."

கேட்டேன். நாலு கட்டை. குரல் கரகரத்தது. முன்பு ஒரே மூச்சில் போகும் இடத்தில் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். மேலே போகவேண்டிய ஓர் இடத்தைப் போகாமல் சாமர்த்தியமாகத் திருப்பிக் கீழே கொண்டுவந்தாள். களைத்த பெண்ணின் குரல். இறங்குகிற படியில் பன்னிரண்டு வருடமாக எனக்காக ஏறிக்கொண்டிருப்பவள். இவ்வளவு அழகாக அவள் பாடி நான் கேட்டதில்லை. அப்போது அழுதேன், கூடத்தில் ஆள் இருப்பதையும் பார்க்காமல்.

"எப்ப அனுப்பறீங்க?" என்று ஐசக்கிடம் கேட்டேன்.

அவ்வளவு தூரம் நீண்டு போகிற அலையில் நிறையச் சொல்ல முடியாதாம். ஒரே உத்தரவு, அதையே மூன்று தடவை. அதற்கு முன்னால் சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளலாம். ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்தேன்.

"சௌந்தரம், நாலு கட்டை நல்லா இருக்குது. போயிட்டு வா..."

ஐசக் கையைத் தூக்கி நிறுத்தினார். "மன்னிச்சுக்கிடுங்க. 'வா' வேண்டாம். போகச் சொல்லுதோமா, வரச் சொல்லுதோமாண்ணு அங்க ஒரு துளி சந்தேகம் வரக்கூடாது. ஒரு செய்தியில ரெண்டு உத்தரவு கூடாதுண்ணு விதியே இருக்கு."

விதி சரிதான். ஆனால் எங்கள் வீடுகளில் கடைக்குப் போகிறவளைக்கூட வெறும் 'போ' என்று அனுப்பமாட்டார்கள். சண்டையில்தான் அப்படிச் சொல்வோம். அல்லது மயானத்தில். முப்பது வருடக் குடித்தனத்தில் எந்தக் கோபத்திலும் நான் அவளிடம் அந்த வார்த்தையைத் தனியாகச் சொன்னதில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு சொன்னேன்.

"சௌந்தரம், நாலு கட்டை நல்லா இருக்குது. போ. போ. போ."

ஆன்டெனா மீதி ஐந்து நாளும் அதையே அனுப்பியது. பிறகு அதை வேறு வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். கேட்பதற்கு மட்டும் ஒரு சின்ன ஆன்டெனாவை எனக்காக வைத்திருக்கிறார் ஐசக்.

அவள் என் பதிலைக் கேட்டு என்ன சொன்னாள் என்பது எப்போது வரும் என்று அவரிடம் கேட்டேன்.

"அது வராது. அவங்க அதக் கேக்கும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பாங்க. அதுக்கு முன்னாடி அனுப்பினதுதான் நமக்கு வரும். அதுவும் நீண்டு நீண்டு, மெதுவா, உங்க ஆயுசுக்கும் வந்துட்டே இருக்கும். சினிமா ரீல் மெதுவாகி மெதுவாகி ஒரு காட்சியில நிக்குத மாதிரி. அடுத்த காட்சி அவங்களுக்கு நடக்கும். நமக்கு ஓடாது."

அது நடந்து ஆறு வருடம் ஆகிறது. கணக்குப்படி என் வார்த்தை என்றைக்கோ அவளிடம் சேர்ந்துவிட்டது. அவள் திரும்பியிருப்பாள். அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் ஏதாவது ஒரு விசிறியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு. தெய்வானை பணி ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் எனக்காக மலையேறி வந்து போட்டுக் காட்டினார். சுருதிப் பெட்டி ஒரு நிமிடம் இசைத்தது. பிறகு சௌந்தரம் பேசினாள்.

"ஏனுங்க மாமா, இன்னும் ஒண்ணுஞ் சொல்லலியே? கேப்டன் தெனமும் கேக்கறாரு. நான் உங்க பதிலுக்குத்தான் காத்திட்டு இருக்கறேன்."

"சொல்லிட்டேன் கண்ணு" என்றேன், ஒலிபெருக்கியைப் பார்த்து.

அடுத்த செய்திக்கு ஒன்றரை வருடம் ஆகும் என்கிறார் ஐசக். அதிலும் அவள் இதையேதான் கேட்பாள்.